பிரேக் இல்லாத வண்டியும் மழை பிடித்த ஊரும்

அலுவலக வேலையாக டென்மார்க்கின் கோல்டிங் நகரத்தில் இரண்டு வாரம் இருந்தேன். வேலை முடிந்தபோது ஐந்து நாள் விடுப்பு மிச்சம். கூட வந்தவர்கள் பாரிசுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பறந்துவிட்டார்கள். நான் போனதோ, பெயரைச் சொன்னால் டென்மார்க்காரர்களே "அங்கே எதுக்கு?" என்று கேட்கிற ஊர்களுக்கு. காரணம் என் அப்பா.

ஒரு நாள் கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் என் அப்பா என்ன தொழில் என்று கேட்டார். ஈரோட்டில் நாற்பது வருடம் பட்டறை வைத்திருந்தார், ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார் என்றேன். ஜாவா என்ற பெயரைக் கேட்டதும் மனிதர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஒலே ஓல்சன் உலக சாம்பியன் ஆனதே ஜாவாவில்தான்!"

யார் அவர் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அரை மணி நேரம் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் தட்டைச் சுற்றி ஓட்டிக் காட்டினார். ஸ்பீட்வே என்றால் மோட்டார் சைக்கிள் ரேஸ், முந்நூறு, நானூறு மீட்டர் மண் தடம். நான்கு பேர், நான்கு சுற்று, திரும்புவதெல்லாம் இடது பக்கம். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், மெத்தனால் எரிபொருள். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். எழுந்து தட்டை எடுக்கும்போதுதான், ஏதோ மறந்துபோன சாமான் மாதிரி, "பிரேக் கிடையாது" என்றார்.

இரவு அப்பாவிடம் சொன்னேன். "ஏங்கண்ணு, நம்ம பட்டறைக்கு வர்ற வண்டில பாதிக்குப் பிரேக் இருக்காது. அதெல்லாம் ரேஸாக்கும்?" என்று சிரித்தார். ஐந்து நிமிடம் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அது நம்ம மைசூர் வண்டி இல்ல கண்ணு. நம்முது டூ ஸ்ட்ரோக்கு. அவன் ஓட்டுனது ஃபோர் ஸ்ட்ரோக்கா இருக்கும், கேட்டுப் பாரு." கேட்டேன். அப்பா சொன்னது சரி. ஓல்சன் ஓட்டிய இன்ஜின் செக்கோஸ்லோவாக்கியாவின் திவிஷோவ் என்ற ஊரில் செய்தது. பெட்ரோல் டேங்கில் இருக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

அந்தப் பெயருக்காகத்தான் போனேன்.

ஜூன் 10, கோல்டிங்கிலிருந்து ஹாதர்ஸ்லெவ்

மொத்தமே முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஈரோட்டிலிருந்து கோபி போகிற தூரம். எனக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. தண்டவாள வேலை நடப்பதால் ரயிலுக்குப் பதில் பஸ் என்று அறிவிப்பு. அந்த பஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் எங்கோ நிற்கும் என்பது டேனிஷ் மொழியில் மட்டும் எழுதியிருந்தது. என் கண்ணெதிரேயே ஒரு பஸ் போனது. மழை. ஜூன் மாதத்தில் பதின்மூன்று டிகிரி. நான் வெயில் காலம் என்று நம்பி ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன்.

நிறுத்தத்தில் என்னோடு இன்னும் ஆறு பேர் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, பேசவில்லை, ரயில்வேயைத் திட்டவும் இல்லை. நம் ஊராக இருந்தால் இந்த அரை மணி நேரத்தில் ஆறு பேரும் சொந்தக்காரர்கள் ஆகியிருப்போம். ஒரு பையன் மட்டும் தன் குடையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தான். முகத்தைப் பார்க்காமல்தான். பஸ் வந்ததும் மடக்கிக்கொண்டு போய்விட்டான். இங்கே மரியாதை என்பது இப்படித்தான் வரும் போலிருக்கிறது, வாய் திறக்காமல்.

ஹாதர்ஸ்லெவின் பழைய தெருக்கள் உருளைக்கல் பாவியவை. பார்க்க லட்சணமாக இருக்கும், பெட்டிச் சக்கரத்துக்கு எமன். தேவாலயத்துக்கு ஏறும் சந்தில் வலது சக்கரம் கழன்று உருண்டு ஒரு சாக்கடை மூடிமேல் போய் நின்றது. எடுத்துப் பார்த்தேன். அச்சாணி முறிந்து போயிருந்தது. சக்கரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

தங்கியது ஒரு வீட்டின் மாடி அறை. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார். அதைக் கேட்டதும் பாதிக் களைப்பு போனது.

ஜூன் 11, ஹாதர்ஸ்லெவ்

காலையிலும் மழை. தேவாலயம் செங்கல்லால் கட்டியது, உள்ளே வெள்ளையடித்து உயரமாக, ஜன்னல் வெளிச்சத்திலேயே நிறைந்திருக்கிறது. கல்வெட்டு வெறியர்களுக்கு நிறைய விஷயம் உண்டு. எனக்கு வேண்டியது வேறு. 1946 நவம்பரில் இதே ஊரில் பிறந்த ஒரு பையனைத் தேடி வந்திருக்கிறேன்.

முதலில் காபிக் கடையில் பரிமாறும் பெண்ணிடம் கேட்டேன். ஒலே ஓல்சன்? அவளுக்கு அந்தப் பெயரில் பள்ளித் தோழன், சித்தப்பா, பல் டாக்டர் என்று மூன்று பேரைத் தெரியுமாம். இங்கே அது நம் ஊரில் முருகேசன் மாதிரி. காபி 42 குரோனர். அப்போது ஒரு குரோனர் 12 ரூபாய் சொச்சம், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் இரண்டாம் நாளோடு கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன்.

பேக்கரியில் வேலை நடந்தது. கல்லாவில் இருந்த வயதானவர், "எந்த ஓல்சன்? ஸ்பீட்வே ஓல்சனா?" என்று கேட்டுவிட்டு, வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருந்த நாலு பேரையும் மறந்தே போனார். அந்த நாலு பேரும் முகம் சுளிக்காமல் நின்றார்கள். ஒருவர் நடுவில் ஒரு வருடத்தைத் திருத்தினார்.

அவர்கள் சொன்னதும் நான் படித்ததும் சேர்த்து இது. அறுபதுகளில் டென்மார்க்கில் ஸ்பீட்வேயை நம்பிப் பிழைக்க முடியாது. வாரம் தவறாமல் ரேஸ், ரேஸுக்கு இவ்வளவு என்று காசு, அதெல்லாம் இங்கிலாந்தில்தான். 1967ல் ஓல்சன் வட இங்கிலாந்தின் நியூகாசில் அணிக்குப் போனார். இருபது வயது. அந்த அணியில் அப்போது இருந்தவர் ஐவன் மாகர் என்ற நியூசிலாந்துக்காரர். பின்னால் ஆறு முறை உலக சாம்பியன் ஆனவர். அவரிடம்தான் தொழில் கற்றார் ஓல்சன். வண்டியைக் கழுவுவது, இன்ஜினைத் திறந்து பார்ப்பது, தடத்தை நடந்து பார்ப்பது, எல்லாம். அப்புறம் 1970ல் வுல்வர்ஹாம்ப்டன் அணி.

1971ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் உலக இறுதிப் போட்டி. அந்தக் காலத்தில் உலக சாம்பியன் யார் என்பது ஒரே இரவில் முடிவாகும். பதினாறு பேர், ஆளுக்கு ஐந்து ரேஸ், முதலில் வந்தால் 3 புள்ளி. ஆகப் பெரிய எண் 15. ஓல்சன் பதினைந்தும் எடுத்தார். இரண்டாவது வந்தவர் மாகர்! பேக்கரிக்காரர் இந்த இடத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் கல்லாமேல் வைத்து, கொஞ்சம் நிறுத்தி, "வாத்தியார்" என்றார். டென்மார்க்குக்குக் கிடைத்த முதல் ஸ்பீட்வே உலகப் பட்டம் அது.

வாங்கிய ரொட்டிக்கு 28 குரோனர். சில்லறை இல்லை என்றேன். கார்டுதான் என்று சிரித்தார். இந்த நாட்டில் நோட்டை நீட்டினால் நம்மை மியூசியத்திலிருந்து வந்தவர் போலப் பார்க்கிறார்கள்.

இரவு பத்தரை மணிக்கும் வானம் வெளுத்தே கிடந்தது. தூக்கம் வரவில்லை. ஜன்னல் திரையைச் சேலை முந்தானையால் சேர்த்துக் கட்டிவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 12, வோயன்ஸ்

இந்த நாளுக்காகத்தான் இவ்வளவு தூரம். வோயன்ஸ், ஹாதர்ஸ்லெவிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். சின்ன ஊர். பக்கத்தில் விமானப்படைத் தளம் இருப்பதால் அவ்வப்போது வானம் கிழிகிற சத்தம். ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் ஸ்பீட்வே மைதானம். 1975ல் திறந்தது. திறந்தவர் ஒலே ஓல்சன். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, சொந்த ஊர்ப் பக்கம் ஒரு தடம் வேண்டும் என்று உண்டாக்கியது. அதே வருடம் லண்டன் வெம்ப்லியில் இரண்டாவது உலகப் பட்டம், மறுபடியும் பதினைந்துக்குப் பதினைந்து. நம் ஆட்கள் வீடு கட்டுகிற வருடம் வேறு எந்த வேலையும் செய்யமாட்டார்கள்.

மாலை லீக் போட்டி. நான் போனபோது மழை விட்டிருந்தது. மைதானம் கிண்ணம் மாதிரி. சுற்றிலும் புல் மேடு, அடியில் செம்பழுப்புத் தடம். ஜனங்கள் மடக்கு நாற்காலி, கம்பளி, தெர்மாஸ் சகிதம் வந்து, ஒவ்வொரு குடும்பமும் போன வருடமும் அதே இடத்தில் உட்கார்ந்தது போல உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். வாசலில் ஹாட் டாக் கடை. சாயம் போட்ட சிவப்புத் தொத்திறைச்சி, ரொட்டியை விட நீளம், இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும். மேலே பொரித்த வெங்காயம், இனிப்பு ஊறுகாய் வெள்ளரி, மஞ்சளாக ஒரு குழம்பு. 40 குரோனர். அதன் சிவப்பு உதட்டிலும் ஒட்டிக்கொண்டது. பொரித்த வெங்காயம் மட்டும் நம் பிரியாணிக்கடைச் சுவை. இன்னொரு கை கேட்டேன், கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை.

வண்டிகள் நிற்கும் பகுதியில் இரண்டு மூன்று இன்ஜின்களைச் சூடேற்ற ஆரம்பித்தார்கள். சத்தத்தைச் சொல்லத் தெரியவில்லை. காதில் கேட்பதற்கு முன் நெஞ்சு எலும்பில் தட்டுகிறது. சத்தத்தோடு ஒரு வாசனை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. விளக்கெண்ணெய்! ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆத்தா என்னைப் பிடித்து வைத்து வாயில் ஊற்றிய அதே வாசனை, கொஞ்சம் கருகினாற்போல. பக்கத்தில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த கிழவரிடம் இது என்ன என்று கேட்டேன். மெத்தனாலோடு ஓடும் இன்ஜினுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் பழைய நாளிலிருந்து ஒத்துவரும், இன்றைக்கும் சிலர் விடுவதில்லை என்றார். டேனிஷ் மொழியில் அதற்கு அமெரிக்க எண்ணெய் என்று பெயராம். எங்கள் ஊரில் பேதிக்குக் கொடுப்போம் என்றேன். "இங்கேயும்தான்" என்று அவருடைய மனைவி முதல்முறையாக வாயைத் திறந்தார்.

அப்புறம் மழை பிடித்தது. சாரல் இல்லை, தகரத்தில் கல் கொட்டுகிற மழை. பத்து நிமிடம்.

நின்றதும் ஒரு டிராக்டர் தடத்தில் இறங்கி மேல்மண்ணை வழித்துச் சுற்றிச் சுற்றி வந்தது. நடுவரும் இரண்டு ஓட்டுநர்களும் வளைவுவரை நடந்து போனார்கள். ஒருவர் பூட்ஸ் குதிகாலால் மண்ணைக் குத்தினார். குத்திய இடத்தில் தண்ணீர் ஊறியது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். ஜனங்கள் நாற்காலியை மடக்க ஆரம்பித்தார்கள்.

அவ்வளவுதான். ரத்து. நான் ஈரோட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. டிக்கெட் அடுத்த தேதிக்குச் செல்லும் என்றார்கள். அடுத்த தேதியில் நான் பவானி ரோட்டு டிராஃபிக்கில் இருப்பேன்.

யாரும் முணுமுணுக்கவில்லை. கிழவர் எனக்கு ஒரு காகிதக் கோப்பையில் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஏன் ஓட்ட முடியாது என்று விளக்கினார். பிரேக் இல்லாத வண்டியை எது நிறுத்துகிறது? மண். வளைவில் பின்சக்கரத்தை வழுக்க விட்டு, முன்சக்கரத்தை வலது பக்கம் திருப்பி, வண்டியைக் குறுக்காகப் போட்டு இடது பக்கம் போகிறார்கள். அந்தச் சறுக்கலில்தான் வேகம் குறைகிறது. பயந்து ஆக்சிலரேட்டர் முறுக்கை விட்டால் சறுக்கல் நின்று சக்கரம் சட்டென்று பிடித்துவிடும், ஆள் எகிறுவார். காப்பாற்றிக்கொள்ள முறுக்கத்தான் வேண்டும். மண் சேறானால் இந்தக் கணக்கு எல்லாம் தப்பு. அதனால் மழை என்றால் வீட்டுக்குப் போ.

இடது பக்கம் போக வலது பக்கம் திருப்பு, ஆபத்து என்றால் முறுக்கு. எனக்கு ஸ்கூட்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்த அப்பா இதற்கு நேர்மாறாகச் சொன்னார்.

"1988ல் இதே இடத்தில் நின்றேன்" என்றார் கிழவர். அந்த வருடம் செப்டம்பரில் உலக இறுதிப் போட்டி இங்கே வந்தது, டென்மார்க்குக்கு முதல்முறையாக. எரிக் குண்டர்சனும் ஹான்ஸ் நீல்சனும் ஆளுக்கு 14 புள்ளி. இரண்டு பேரும் டென்மார்க்காரர்கள். தனியாக ஒரு ரேஸ் விட்டுத் தீர்த்தார்கள். குண்டர்சன் ஜெயித்தார். மூன்றாவது யான் பெடர்சன், அவரும் இந்த நாட்டுக்காரர்தான். மூன்று பேரும் மேடையில் நின்றபோது யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் எல்லோரும் எல்லோருக்கும் தட்டினார்களாம். கிழவருடைய மனைவிக்கு நீல்சன்தான். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அந்தத் தனி ரேஸின் தொடக்கத்தைப் பற்றி வீட்டில் பேச்சு வார்த்தை முடியவில்லை.

ஓல்சன் அதற்குள் ஓட்டுவதை நிறுத்தி ஐந்து வருடம். 1978 அவருக்கு வாரிக் கொடுத்த வருடம். வெம்ப்லியில் மூன்றாவது உலகப் பட்டம், அவர் இருந்த கோவென்ட்ரி அணிக்கு பிரிட்டிஷ் லீக், டென்மார்க்குக்கு முதல்முறையாக அணிகளுக்கான உலகக் கோப்பை. 1981ல், முப்பத்தைந்தை நெருங்கும்போதுகூட, வெம்ப்லியில் நடந்த கடைசி இறுதிப் போட்டியில் இரண்டாவது வந்தார். அமெரிக்காவின் புரூஸ் பென்ஹால் என்ற பையன் முடிவுக் கோட்டைத் தொடும் இடத்தில் அவரை முந்தியதை கிழவர் இரண்டு கைகளால் நடித்துக் காட்டினார். அரைச் சக்கரம்கூட இல்லை என்றார்.

அப்புறம் ஓல்சன் தடம் போடுகிறவர் ஆனார். கார்டிஃபிலும் கோபன்ஹேகனிலும் புல் வளர்க்கிற விளையாட்டு அரங்குகளுக்குள் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, ஒரே இரவுக்கு ஸ்பீட்வே தடம் செய்து, மறுநாள் அள்ளிக்கொண்டு போகிற வேலை. உலகப் பட்டம் ஒரே இரவில் முடிவாவதை மாற்றி 1995ல் பல ஊர்ச் சுற்றுகளாக ஆக்கியதிலும் அவர் கை உண்டு. எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. 2008ல் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் கூரை போட்ட அரங்குக்குள் போட்ட மண் கெட்டிப்படவே இல்லை. போட்டி ரத்து. அப்போது போட்டி இயக்குநர் ஓல்சன். இதை நான்தான் கேட்டேன், கிழவராகச் சொல்லவில்லை. கேட்டதும் தெர்மாஸ் மூடியை மெதுவாகத் திருகிக்கொண்டே, "கூரை இருந்தது. மழை இல்லை. ஆனாலும் மண்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி பஸ் போய்விட்டது. அவர்களே காரில் கொண்டுவந்து விட்டார்கள். வழியெல்லாம் மூவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது அந்த அம்மா திரும்பி, "நீல்சன்தான்" என்றார்.

ஜூன் 13, ஹாதர்ஸ்லெவ்

தொண்டை கட்டிவிட்டது. நாள் முழுக்கத் தும்மல்.

மாலை வீட்டுக்கார அம்மா கீழே கூப்பிட்டார். மேஜையில் கேக்குகள், நான் எண்ணியவரை ஒன்பது. இந்தப் பகுதியின் காபி மேஜைக்கு ஏழு மெத்துக் கேக், ஏழு கடிக்கிற பிஸ்கட் வகை, ஆக பதினான்கு இருக்க வேண்டுமாம். ஒன்பதுக்கு மன்னிப்புக் கேட்டார். 1864லிருந்து 1920 வரை இந்தப் பகுதி ஜெர்மனியின் கையில் இருந்தது. டேனிஷ் பேசுகிறவர்கள் கூடும் சங்க வீடுகளுக்குச் சாராய லைசென்ஸ் கிடைக்காது. அதனால் காபியும் கேக்கும் வைத்துக் கூட்டம் போட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரியும் அடுத்தவளை மிஞ்சப் பார்த்ததில் எண்ணிக்கை பதினான்குக்கு வந்து நின்றது. ரை என்ற தானியத்தில் சுட்ட ரொட்டியின் தூள் போட்டுச் செய்த ஒரு கேக், நடுவில் க்ரீமும் புளிப்பு ஜாமும். ரொட்டியில் கேக்கா என்று நினைத்தேன். இரண்டாவது துண்டை நானே எடுத்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு வெட்கக்கேடு. மதியம் நடக்கப் போனபோது சாலையோரம் ஆளில்லாத ஒரு மேஜை. ஸ்ட்ராபெரி டப்பா 40 குரோனர், ஒரு உண்டியல், போனில் பணம் அனுப்ப ஒரு எண். என் போனில் அந்த வசதி இல்லை. இந்த நாட்டு வங்கிக் கணக்கு வேண்டும். கையில் இருந்தது இருநூறு குரோனர் நோட்டு. டப்பாவை எடுப்பதும் வைப்பதுமாக நின்றேன். சைக்கிளில் வந்த ஒரு பெண் காலை ஊன்றி நின்று, என்னையும் டப்பாவையும் பார்த்து, தன் போனில் நாற்பதை அனுப்பிவிட்டுப் போயே விட்டாள். நான் "இருங்க, இருங்க" என்று கத்தியது தமிழில்.

ஜூன் 14, எஸ்பியர்

கேன்டீன் முள்கரண்டிக்காரர் போன் செய்தார். ரேஸ் ரத்தானதைக் கேள்விப்பட்டாராம். அவருக்கு அன்று விடுமுறை. என் விமானம் இரவு பில்லுண்டிலிருந்து. நடுவில் எஸ்பியருக்கு அழைத்துப் போகிறேன், பேத்திக்குப் பயிற்சி இருக்கிறது, வா என்றார்.

எஸ்பியர் மேற்குக் கரையில் துறைமுக நகரம். 1864ல் தெற்குத் துறைமுகங்களை ஜெர்மனிக்காரர்களிடம் இழந்த பின் நான்கு வருடம் கழித்து ஒன்றுமில்லாத கரையில் கட்ட ஆரம்பித்தது. கடலைப் பார்த்து நான்கு வெள்ளை மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒன்பது மீட்டர் உயரம். முழங்காலில் கை வைத்து, முதுகு நிமிர்த்தி, டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவர்களைப் போல. காற்று என் துப்பட்டாவைப் பிடுங்கி ஒரு சிலையின் கால் பெருவிரலில் சுற்றியது. எடுக்க ஏறியபோது முள்கரண்டிக்காரர் போட்டோ எடுத்துவிட்டார். அதை இங்கே போடப் போவதில்லை.

எரிக் குண்டர்சன் இந்த ஊர்க்காரர். காரில் அவரைப் பற்றித்தான் பேச்சு. 1984, 1985, 1988 என்று மூன்று உலகப் பட்டம். ஓல்சன் மாகரிடம் கற்ற மாதிரி, ஓல்சனைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. 1989 செப்டம்பர் 17, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் அணிகளுக்கான உலக இறுதி. முதல் ரேஸ், முதல் வளைவு. நான்கு பேரும் ஒன்றாக விழுந்தார்கள். குண்டர்சன் எழவில்லை. முதுகுத்தண்டில் அடி, நினைவு இல்லை, பிழைப்பாரா என்பதே சந்தேகம். பல மாதம் போராடி எழுந்து நடந்தார். மறுபடி ரேஸ் ஓட்டவில்லை. பின்னால் டென்மார்க் அணிக்கு மேலாளராக வந்தார். விழுந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

இதைச் சொல்லி முடிக்கும்போது கார் பயிற்சித் தடத்துக்கு வந்துவிட்டது. பேத்திக்கு ஒன்பது வயது.

"பயம் இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன். கார் கதவைத் திறந்துகொண்டே, "இருக்கிறது" என்றார்.

பயிற்சி என்றால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், அவர்களைவிடக் கவலையான அப்பாக்கள், ஒரு மேஜையில் காபிக் குடுவையும் கேக்கும். குட்டி வண்டிகள், குட்டி இன்ஜின்கள், பிரேக் மட்டும் பெரிய வண்டிகளைப் போலவே கிடையாது. பேத்தி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வளைவில் இந்தக் காலைத்தான் மண்ணில் ஊன்றி இழுத்துக்கொண்டு போவார்கள். தொட்டுப் பார்க்கலாமா என்றேன். கழற்றிக் கையில் கொடுத்தாள். நினைத்ததைவிடக் கனம். அடிப்பாகம் தேய்ந்து தேய்ந்து கண்ணாடிபோல மின்னியது. குதிகால் பக்கம் தடிப்பு, விரல் பக்கம் ஓரம் காகிதம் மாதிரி. பெரியப்பா மகனிடமிருந்து வந்ததாம். உள்பக்கம் மூன்று பேருடைய முதலெழுத்துக்களை ஆணியால் கீறியிருந்தார்கள். இவளுடையது கடைசி.

தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டியிருந்த கயிறு மேலே பறந்தது. நாலு பிள்ளைகள் முதல் வளைவுக்குப் போனார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். திறந்தபோது அவள் வெளிப்பக்கமாக, முன்சக்கரம் வலது பக்கம் திரும்பியிருக்க, இடது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். உப்புக் குப்பியும் மிளகுக் குப்பியும் அரை மணி நேரத்தில் புரியவைக்காதது அந்த இரண்டு விநாடியில் புரிந்தது. தாத்தா இரண்டு கைகளையும் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு ஒன்றுமே சொல்லாமல் நின்றார். சட்டைப்பைகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

மூன்றாவதாக வந்தாள். எங்களைப் பார்க்காமல் நேரே கேக் மேஜைக்குப் போனாள்.

கிளம்பும்போது என் பெட்டியைக் காரிலிருந்து காருக்கு மாற்றினார்கள். விமான நிலையத்துக்கு அவருடைய மருமகன் விடுவதாக ஏற்பாடு. பெட்டி சரிவதைப் பார்த்துவிட்டு மருமகன் சக்கரம் எங்கே என்றார். நான்கு நாளாகச் சட்டைப்பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். தரையில் குந்தி உட்கார்ந்தார். முறிந்த அச்சாணியைச் சுத்தியலால் தட்டி எடுத்தார். டூல் பாக்ஸில் துழாவி ஒரு போல்ட், இரண்டு வாசர், ஒரு நட். போல்ட் கொஞ்சம் நீளம், கையோடு ரம்பத்தால் அறுத்தார். சக்கரத்தைச் சுண்டி விட்டுக் காதை வைத்துக் கேட்டார். எத்தனை ஆயிரம் தடவை பார்த்த காட்சி இது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காசு என்று வாயெடுத்தேன், அதற்குள் வண்டிக்குள் ஏறிவிட்டார்.

பில்லுண்ட் விமான நிலையத்தில் அந்தச் சக்கரத்தை போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஊரில் அப்போது நடு ராத்திரி தாண்டியிருக்கும். உடனே நீல டிக் விழுந்தது. வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"சரி கண்ணு. நட்டு என்ன போட்டாப்ல, சாதாவா, நைலாக்கா? கிட்டக்க ஒண்ணு எடுத்து அனுப்பு."